சிறு காய்களின் மதிப்பு: சதுரங்கப் பொறிகளின் இறுதியாட்டக் கணிப்பும் சென்னைச் சதுரங்க வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

சதுரங்கத்தில் குதிரையும் அமைச்சரும் சிறு காய்கள் எனப்படுகின்றன. இவ்விரண்டும் ஏறத்தாழ மூன்று காலாட்களுக்கு ஈடு என்னும் வழக்கு, கணிப்பொறி சதுரங்கம் ஆடத் தொடங்கியபோது அப்படியே பொறிக்குள் புகுந்தது. இறுதியாட்டத்தில் அவ்வழக்கு எவ்வாறு படிப்படியாகக் கைவிடப்பட்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. சென்னை தந்த இரு உலக வாகையர், விசுவநாதன் ஆனந்த், தொ. குகேஷ் ஆகியோரின் இரண்டு இறுதியாட்டங்கள் (சோஃபியா 2010, சிங்கப்பூர் 2024) சான்றாகக் கொள்ளப்படுகின்றன. பொறி காட்டும் எண் பிழையற்ற ஆட்டத்தின் முடிவைச் சொல்கிறதே அன்றி, அந்நிலையை ஆடுவோர் சுமக்கும் கடினத்தைச் சொல்வதில்லை என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

திறவுச்சொற்கள்: சதுரங்கம், இறுதியாட்டம், அமைச்சர், குதிரை, சதுரங்கப் பொறி, ஆனந்த், குகேஷ்

காயின் பெயரும் வலிமையும்

ஆங்கிலேயர் பிஷப் என்றழைக்கும் காய்க்குத் தமிழில் ஒரே பெயர் நிலைபெறவில்லை. அமைச்சர் என்பாரும் மந்திரி என்பாரும் பிஷப் என்றே சொல்வாரும் உளர். மந்திரி என்னும் சொல்லோ சிலரிடம் அரசியையும் குறிக்கிறது. இக்கட்டுரை அமைச்சர் என்னும் சொல்லையே கையாள்கிறது. ஓரத்துக் காய்க்கு யானை என்னும் நாட்டு வழக்கைக் கொள்கிறது.

இப்பெயர்க் குழப்பத்துக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. பாரசீகத்திலும் அரபு நாட்டிலும் ஆடப்பெற்ற ஷத்ரஞ்சில், இன்றைய அமைச்சரின் இடத்தில் நின்ற காய் அல்ஃபில்; அச்சொல்லுக்குப் பொருள் யானை. அது மூலைவிட்டத்தில் சரியாக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும்; இடையில் நிற்கும் காயைப் பொருட்படுத்தாது. பலகையின் 64 கட்டங்களில் ஓர் அல்ஃபில் சென்றடையக்கூடியவை எட்டே எட்டு. குதிரையோ அன்றும் இன்றும் ஒரே நடை உடையது. 64 கட்டங்களையும் தொடவல்லது. ஆகவே பழைய ஆட்டத்தில் இவ்விரு காய்களும் ஒப்பிடத்தக்கவையே அல்ல. குதிரை மிக உயர்ந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் விதிகள் மாறி, இக்காய் மூலைவிட்டம் முழுவதும் ஓடத் தொடங்கிய பிறகே, குதிரையா அமைச்சரா என்னும் வழக்காடல் பிறந்தது. அந்த வழக்கு ஐந்து நூற்றாண்டுக்கு மேல் நீடிக்கிறது என்றால், இரு காய்களின் வலிமை அத்துணை நெருக்கமானது என்பதே காரணம்.

நெருக்கமானதாயினும் தன்மையால் வேறானது. வெறும் பலகையில் நடுக்கட்டத்து அமைச்சருக்கு 13 நகர்வுகள் உண்டு, மூலையில் 7. குதிரைக்கு நடுவில் 8. மூலையில் 2 மட்டுமே. எல்லாக் கட்டங்களுக்கும் சராசரி கண்டால் அமைச்சருக்கு 8.75, குதிரைக்கு 5.25. இக்கணக்கை மட்டும் நம்பினால் அமைச்சரே உயர்ந்தவர். ஆனால் ஓர் அமைச்சர் தம் நிறத்துக் கட்டங்கள் 32ஐ அன்றி மற்றப் பாதியை ஒருபோதும் தொட மாட்டார். காய்கள் குறைந்து எஞ்சிய ஒவ்வொரு கட்டமும் பொருள் பெறும் இறுதியாட்டத்தில் இந்தப் பாதிக் குருட்டுத்தன்மை ஒரு முறை ஆட்டத்தைக் காக்கும், மறுமுறை கெடுக்கும்.

மூன்று என்னும் எண்

கிளாட் ஷானன் கணிப்பொறியைச் சதுரங்கம் ஆடவைக்கும் முறை குறித்த தம் கட்டுரையை 1950இல் வெளியிட்டார். அதில் அரசிக்கு 9, யானைக்கு 5, அமைச்சருக்கும் குதிரைக்கும் தலா 3, காலாளுக்கு 1 என மதிப்பிட்டார். இவை அவர் கண்டுபிடித்த எண்கள் அல்ல. ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய எண்கள். ஆலன் டூரிங் வகுத்த மதிப்பீடு சற்று வேறுபட்டது: குதிரைக்கு 3, அமைச்சருக்கு மூன்றரை. கணிப்பொறிச் சதுரங்கத்தின் இரு முன்னோடிகளும் அந்த அரைக் காலாள் குறித்தே உடன்படவில்லை என்பது கருதத்தக்கது.

பொறிக்கு ஏன் எண் தேவைப்பட்டது? ஆட்டத்தின் முடிவுவரை கணிக்க இயலாத பொறி, சில நகர்வுகள் ஆழ்ந்து பார்த்து ஓரிடத்தில் நின்று, 'இந்நிலை யாருக்குச் சாதகம்' என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். தீர்ப்பை ஒப்பிட எண் வேண்டும். இவ்வாறு மனிதர் தோராயமாகக் கையாண்ட ஒரு வழிகாட்டி, பொறிக்குள் நாணயம் போல் மாறா விலை உடையதாயிற்று.

லாரி காஃப்மன் 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்த நாணய மதிப்பை ஆட்டத் தரவுகளைக் கொண்டு உரசிப் பார்த்தது. தனி அமைச்சரும் தனிக் குதிரையும் சராசரியில் சமம், ஒவ்வொன்றும் 3.25 என்பது அவர் முடிவு. ஆனால் ஒரே தரப்பில் இரு அமைச்சரும் இருந்தால் அரைக் காலாள் கூடுதல். மேலும், தன் தரப்பில் ஐந்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு காலாளுக்கும் குதிரையின் மதிப்பைப் பதினாறில் ஒரு பங்கு உயர்த்தவும், ஐந்துக்குக் குறைந்தால் அவ்வாறே தாழ்த்தவும் வேண்டும் என்றார். காலாட்கள் குறைவது இறுதியாட்டத்தின் இயல்பு ஆதலால், ஆட்டம் முதிர முதிரக் குதிரை மெலிகிறது என்னும் பழைய ஆசான்களின் பட்டறிவு இங்கே பின்னமாக வடிவம் பெற்றது.

கூட்டல் பொய்க்கும் இடங்கள்

காயின் விலைகளைக் கூட்டிப் பார்க்கும் முறை இறுதியாட்டத்தில் சில இடங்களில் முற்றிலும் பொய்த்துப்போகும். மூன்றை எடுத்துக்கொள்ளலாம்.

தனி அரசனுக்கு எதிராக அரசனும் இரு குதிரைகளும். கூட்டுத்தொகை ஆறு, ஒரு யானையைவிட அதிகம். யானை எளிதில் வெல்லும். இரு குதிரைகளால் வெற்றியைக் கட்டாயப்படுத்த இயலாது. வியப்பு இதோடு முடியவில்லை. தற்காப்பவருக்கு ஒரு காலாளைக் கூடுதலாகக் கொடுத்தால், பல நிலைகளில் இரு குதிரைகள் வெல்கின்றன. நகர வேறு காய் இருப்பதால் சிக்குண்ட அரசன் 'நகர இடமின்மை' என்னும் சமநிலையைக் கோர முடியாது போகிறது. ருஷிய ஆய்வாளர் துரோயித்ஸ்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொறிகள் பிறக்கும் முன்பே, இதைக் கையால் ஆராய்ந்து முறைப்படுத்தினார். எதிரிக்குச் செல்வம் சேர்ந்ததால் எதிரி தோற்கும் இந்நிலையை எந்தக் கூட்டல் கணக்கும் சொல்லாது.

அடுத்தது, ஓர அணியில் நிற்கும் காலாளும், அக்காலாள் அரசியாக மாறும் மூலைக் கட்டத்தின் நிறத்துக்கு மாறான நிறத்தில் ஓடும் அமைச்சரும். கூட்டினால் நான்கு, உண்மையில், எதிரி அரசன் அம்மூலையை அடைந்துவிட்டால் ஆட்டம் சமன். தொடக்ககாலப் பொறிகள் இதை அறியாமல், நான்கு காலாள் முன்னணி எனக் காட்டிக்கொண்டே வெல்ல முடியாத நிலைக்குள் மகிழ்ந்து இறங்கின. மூன்றாவது எதிர்நிற அமைச்சர்கள்: ஒருவர் கறுப்புக் கட்டத்தவர், மற்றவர் வெள்ளைக் கட்டத்தவர். ஒரு காலாள், சில வேளை இரு காலாட்கள் கூடுதலாயினும் வெற்றி கிட்டாமற் போகலாம்.

இக்குறைகளுக்குப் பொறியாளர்கள் கண்ட மருந்து நேர்த்தியானதன்று. விதிவிலக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதிச் சேர்த்தனர்.

அட்டவணையின் தீர்ப்பு

இதற்கிடையே வேறொரு வழி திறந்தது. மதிப்பிடுவதை விட்டுவிட்டு, சில காய்களே உள்ள எல்லா நிலைகளையும் முடிவிலிருந்து பின்னோக்கிக் கணித்து எழுதிவைப்பது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சன், யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர், 1980களில் ஐந்து காய் நிலைகளை இவ்வாறு கணித்தார். அவற்றுள் சிறு காய்களின் வரலாற்றை மாற்றியது ஒன்று: இரு அமைச்சர்களுக்கு எதிராக ஒரு குதிரை, காலாட்கள் இல்லை. கிளிங்கும் ஹார்விட்சும் 1851இல் காட்டிய தற்காப்பு அரண் காரணமாக இந்நிலை பொதுவாகச் சமன் என்றே நூறாண்டுக்கு மேலாகப் பாடநூல்கள் எழுதிவந்தன. தாம்சனின் கணிப்பு, இரு அமைச்சர்கள் பொதுவாக வெல்வர் என்றும் அதற்கு அதிகபட்சம் 66 நகர்வுகள் தேவைப்படும் என்றும் காட்டியது. காய் வெட்டோ காலாள் நகர்வோ இன்றி 50 நகர்வுகள் கடந்தால் சமன் கோரலாம் என்பது விதி. எனவே உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1980களில் இத்தகைய சில இறுதியாட்டங்களுக்கு வரம்பை நீட்டித்தது. 1992இல் விலக்குகளை நீக்கி 50க்கே திரும்பியது. ஒரு பொறியின் கணிப்பு ஆட்டத்தின் விதியையே சில ஆண்டுகள் அசைத்த நிகழ்வு இது.

இன்று ஏழு காய்கள் வரை அட்டவணைகள் முழுமையாக உள்ளன. அரசியும் காலாளும் ஒரு புறம், யானை, அமைச்சர், குதிரை மறுபுறம் என அமைந்த ஒரு நிலையில் இறுதி முற்றுகைக்கு 549 நகர்வுகள் வேண்டும் என்று அவை காட்டுகின்றன. அந்நகர்வுகளின் உட்பொருளை மனித ஆசான்களால் விளக்க இயலவில்லை. அட்டவணையில் குதிரைக்கு மூன்று, அமைச்சருக்கு மூன்றேகால் என்னும் பேச்சுக்கே இடமில்லை. வெற்றி, தோல்வி, சமன் என்ற மூன்று தீர்ப்புகளே உள்ளன. காயின் மதிப்பு என்பது அறியாமையை ஈடுசெய்ய நாம் வைத்துக்கொண்ட கருவி என்பதை இது வெளிப்படையாக்கிற்று.

நிலைக்கேற்ப மாறும் எண்

அட்டவணை எட்டாத நிலைகளில் மதிப்பீடு தொடர்ந்து தேவைப்பட்டது. ஆயினும் அதன் வடிவம் மாறியது. திறந்த மூல நிரலான ஸ்டாக்ஃபிஷ் பொறியின் 11ஆம் பதிப்பு (2020 சனவரி) கையால் எழுதப்பட்ட மதிப்பீட்டின் முதிர்ந்த வடிவம் எனலாம். அதில் ஒவ்வொரு காய்க்கும் இரு விலைகள்: இடையாட்டத்துக்கு ஒன்று, இறுதியாட்டத்துக்கு ஒன்று. காலாளுக்கு 128, 213. குதிரைக்கு 781, 854. அமைச்சருக்கு 825, 915. பலகையில் காய்கள் குறையக் குறைய முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணை நோக்கிப் பொறி நகர்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் சிறு காய்களின் மதிப்பு இறுதியாட்டத்தில் கூடுவதாகத் தோன்றும். காலாளை அலகாகக் கொண்டு வகுத்தால் உண்மை தெரியும். இடையாட்டத்தில் குதிரை 6.1 காலாட்களுக்கு ஈடு, இறுதியாட்டத்தில் 4.0 மட்டுமே. அமைச்சர் 6.4இலிருந்து 4.3க்கு இறங்குகிறார். சிறு காய் மலிந்ததைவிடக் காலாள் விலையேறியது என்பதே பொருத்தம்; அரசியாக மாறும் வாய்ப்பு நெருங்கிவிட்டதல்லவா! குதிரைக்கும் அமைச்சருக்கும் இடையிலான வேறுபாடோ இரு கட்டத்திலும் மூன்றில் ஒரு காலாள் அளவே. இவ்வெண்கள் பொறி தனக்குத்தானே ஆடிய எண்ணற்ற ஆட்டங்களில் செதுக்கப்பட்டவை. பொறியின் பிற நூற்றுக்கணக்கான அளவைகளோடு சேர்ந்தே பொருள் தருபவை. பாடப்புத்தகத்தின் 'மூன்று' உடன் இவற்றை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது பிழையாகும்.

அதே 2020இல் இரு திருப்பங்கள் நிகழ்ந்தன. ஆல்ஃபாசீரோ பொறியைக் கொண்டு, முன்னாள் உலக வாகையர் கிராம்னிக்கும் பங்கேற்ற ஆய்வொன்று குதிரைக்கு 3.05, அமைச்சருக்கு 3.33 எனக் கண்டது. மனித ஆட்டங்களைக் கல்லாமல் தானே கற்ற பொறியும் பழைய எண்களுக்கு அருகிலேயே வந்து நின்றது முன்னோரின் பட்டறிவுக்குக் கிடைத்த நற்சான்று. மறுபுறம், ஸ்டாக்ஃபிஷ் 12ஆம் பதிப்பில் நரம்பியல் வலையமைப்பு புகுந்தது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யு நாசு உருவாக்கிய முறை அது. அதன் உள்ளீடு 'குதிரை' அன்று. 'அரசன் இந்தக் கட்டத்தில் நிற்கையில் அந்தக் கட்டத்தில் நிற்கும் குதிரை'. இத்தகைய 41,024 கூறுகளால் ஒரு தரப்பின் பார்வை அமைகிறது. காய்க்குத் தனி விலை என்னும் கருத்து இங்கே கரைந்துவிடுகிறது.

எண்ணின் பொருளும் மாறிற்று. 2022 இறுதியில் வெளியான 15.1ஆம் பதிப்பு முதல், திரையில் 1.00 என்று தோன்றினால் ஒரு காலாள் முன்னணி என்று பொருளில்லை; அந்நிலையிலிருந்து வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு என்று பொருள். அதுவும் பொறியும் பொறியும் ஆடினால். இத்தொடரை விரிவுரையாளரும் பயிற்றுநரும் பெரும்பாலும் கவனிக்காது விடுகின்றனர்.

சென்னையின் தலைமுறைகள்

இந்திய சதுரங்கத்தின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் 1961இல் அப்பட்டத்தைப் பெற்றார். 1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் முயற்சியால் மிகயில் தால் சதுரங்க மன்றம் தொடங்கியது. அத்தலைமுறைக்கு இறுதியாட்ட அறிவு என்பது சோவியத் நூல்களே. சிறுவனாக அம்மன்றத்தில் பயின்ற ஆனந்த், 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். செஸ்பேஸ் தரவுத்தளத்தைத் தொடக்க ஆண்டுகளிலேயே கையாண்ட முன்னணி ஆட்டக்காரருள் ஒருவர். பொறியின் துணையோடு இருவர் ஆடும் போட்டியில் 1999இல் ஸ்பெயினின் லியோன் நகரில் கார்ப்போவை அவர் வென்றது, மனிதத் தீர்ப்பும் பொறிக் கணிப்பும் இணையக்கூடியவை என்பதற்குத் தொடக்ககாலச் சான்று.

மூன்றாம் தலைமுறையில் நிகழ்ந்தது எதிர்பாராதது. 2006இல் பிறந்த குகேஷ், பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்ற காலத்தில், ஏறத்தாழ 2500 தரப்புள்ளி எட்டும்வரை பொறியைப் பயன்படுத்தவில்லை. இன்று திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியில் கைப்பேசி வைத்திருக்கும் ஒரு பள்ளி மாணவர்க்கும் ஸ்டாக்ஃபிஷும் ஏழு காய் அட்டவணையும் செலவின்றிக் கிடைக்கின்றன. நூலுக்காகத் தால் மன்றத்தைத் தேடிச்சென்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் சமன்பாடு. அத்தகைய காலத்தில் ஒரு பயிற்றுநர் கருவியை வேண்டுமென்றே தள்ளிவைத்தார் என்பது ஆய்வுக்குரியது. நோக்கம், மாணவர் நிலையை எண்ணால் அன்றித் தம் கணிப்பால் எடைபோட வேண்டும் என்பதே.

இரண்டு இறுதியாட்டங்கள்

2010 மே மாதம் சோஃபியாவில் ஆனந்த் தொபலோவுக்கு எதிராக வாகைப் பட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தார். எட்டாம் ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் எதிர்நிற அமைச்சர்கள் கொண்ட இறுதியாட்டத்துக்கு வந்தார். சமன் என்பதற்கு இலக்கணமாகக் காட்டப்படும் வகை இது. 54ஆம் நகர்வில் அமைச்சரை டி3 கட்டத்தில் வைத்திருந்தால் ஆட்டம் சமன். ஆனந்த் சி6இல் வைத்தார். இரண்டு நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. இரு கட்டங்களிலும் நின்றது அதே அமைச்சர். காய்க்கு விலை குறித்தவர் எவராயினும் இவ்விரு நிலைகளுக்கும் ஒரே தொகையைத்தான் எழுதியிருப்பார். (அப்போட்டியை ஆனந்த் கடைசி ஆட்டத்தில் வென்று 6.5–5.5 எனப் பட்டத்தைத் தக்கவைத்தார்.)

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். பதினான்காம் ஆட்டம், அதுவரை 6.5–6.5. கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷிடம் ஒரு காலாள் கூடுதல். இரு தரப்பிலும் ஒரு யானை, ஒரே நிறத்து ஓர் அமைச்சர். காலாட்கள் யாவும் ஒரே சிறகில். பொறிகள் சமன் என்றன. தற்காக்க முடியும் என்பதில் வல்லுநர்க்கும் ஐயமில்லை. ஆயினும் துன்பம் முழுவதும் டிங் லிரனுக்கே உரியது. குகேஷ் இழப்பதற்கு ஏதுமின்றி எத்தனை நகர்வும் ஆடிப் பார்க்கலாம்; டிங்கோ குறைந்த நேரத்தோடு ஒவ்வொரு முறையும் சரியாகத் தற்காக்க வேண்டும். இச்சமனின்மை எண்ணில் தெரிவதில்லை.

55ஆம் நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தி யானை மாற்றத்துக்கு அழைத்தார். யானைகள் நீங்கினால் சமன் எளிதாகும் என்பது பொதுவிதி. இங்கே அவர் அமைச்சர் ஏ8 மூலையில் நின்றார். மூலையில் நிற்கும் அமைச்சருக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான் உண்டு. யானைகள் வெட்டுண்டதும் குகேஷ் தம் அமைச்சரை அதே மூலைவிட்டத்தில் டி5 கட்டத்தில் நிறுத்தினார். வெள்ளை அமைச்சருக்கு விலகிச் செல்ல வழியில்லை, மாற்றம் கட்டாயம். அதன்பின் எஞ்சியது காலாட்களும் அரசர்களும் மட்டும். அங்கே கூடுதல் காலாள் வெல்லும். ஸ்டாக்ஃபிஷின் அட்டவணையில் 915 பெறும் ஒரு காய், பலகையில் இருந்தவரை டிங்கைக் காத்தது. மூலையில் இருந்ததால் காக்க இயலாது போயிற்று.

திரையில் பொறியின் அளவுகோல் நொடியில் புரண்டது. பலகையின் முன் இருந்த இருவருக்கும் அது உடனே புலப்படவில்லை. தாம் முதலில் யானையை வேறு கட்டத்துக்கு நகர்த்த இருந்ததாகவும், பிறகே வாய்ப்பைக் கண்டதாகவும் குகேஷ் கூறினார். எதிராளியின் முகத்தைக் கண்டபோதே தம் பிழையை உணர்ந்ததாக டிங் கூறினார். பொறியில்லாப் பயிற்சியே இவ்வெற்றிக்குக் காரணம் என்று முடிவு கட்டுவது மிகையாகும். வாகைப் போட்டிக்கான குகேஷின் தயாரிப்பு, எல்லா முன்னணி ஆட்டக்காரரைப் போலவே, பொறிகளோடு பிணைந்தது. பொறிகள் சமன் என்ற நிலையை அவர் முடிந்த ஆட்டமாகக் கருதவில்லை என்பது மட்டும் ஆட்டப் பதிவிலேயே உள்ளது. 58ஆம் நகர்வில் குகேஷ் அரசனை இ5 கட்டத்தில் வைத்ததும் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.